கடல்மட்டத்துக்குக் கீழே நெல்: குட்டநாட்டுப் பயணக் குறிப்புகள்

மார்ச் 3, 2025, திங்கள். ஆலப்புழை – கைனகரி

குட்டநாட்டுக்குள் படகில் நுழைகிறவரின் கண்ணில் முதலில் படுவது, வயல் தமக்குக் கீழே கிடப்பதுதான். ஆற்று நீர் கரையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு கிடக்க, கரைக்கு அப்பால் எட்டிப் பார்த்தால் ஓர் ஆள் உயரம் இறங்கிய பள்ளத்தில் நெல் முற்றித் தலைசாய்த்து நிற்கிறது. ஆற்றில் தண்ணீர் வருமா என்று காத்திருந்து, வந்த தண்ணீரை மடை திறந்து வயலில் பாய்ச்சிப் பழகிய காவிரிக் கடைமடை ஊர்க்காரனான எனக்கு, வயலில் இருக்கும் நீரை இறைத்து ஆற்றுக்கு ஏற்றிவிட்டுப் பயிர் வைக்கும் இந்த வேளாண்மை தலைகீழாகவே தெரிந்தது.

ஆலப்புழை, கோட்டயம், பத்தனம்திட்டை ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் குட்டநாட்டின் பரப்பு ஏறத்தாழ 1,100 சதுர கிலோமீட்டர் என்று கணக்கிடுகிறார்கள். அதில் பாதியை ஒட்டிய பகுதி கடல்மட்டத்துக்கு 0.6 மீட்டரிலிருந்து 2.2 மீட்டர் வரை தாழ்ந்தது. பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் ஆகிய ஆறுகள் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து குறுகிய தூரத்தில் கடகடவென்று இறங்கி, வேம்பநாட்டுக் காயலைத் தொடுவதற்கு முன் இந்தச் சமதளத்தில் வேகம் இழந்து வண்டலைக் கொட்டுகின்றன. மேற்கே கடலுக்கும் இந்தப் பள்ளத்துக்கும் நடுவில் இருப்பது ஆலப்புழை நகரம் அமர்ந்திருக்கும் ஒரு மெல்லிய மணற்பட்டை மட்டுமே. மழைக்காலத்தில் மலைவெள்ளமும் கோடையில் கடலின் உப்புநீரும் மாறிமாறி உரிமை கொண்டாடும் இடம் இது. பன்னிரண்டு கொடுந்தமிழ் நாடுகளின் பழைய பட்டியலில் குட்டமும் ஒன்று என்பதால் பெயர் நமக்குப் புதிதன்று; நிலம்தான் புதிது.

ஆலப்புழைப் படகுத்துறை பேருந்து நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது. சுற்றுலாப் படகுகளின் தரகர்களைக் கடந்து போனால், மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகுகள் வரிசையாக நிற்கின்றன. 1968இல் தொடங்கப்பட்ட இந்தத் துறைக்கு ஆலப்புழையே தலைமையிடம். நான் ஏறிய படகில் பள்ளிப் பிள்ளைகள், மருத்துவமனைக்குப் போய்த் திரும்பும் முதியவர்கள், இரண்டு எரிவாயு உருளைகள், ஒரு மூட்டை மாட்டுத்தீவனம் ஆகியவை இருந்தன. நம் ஊர் நகரப் பேருந்து நிற்பதுபோல இந்தப் படகும் பாலம், கோயில், தேவாலயம், ரேஷன் கடை என்று ஒவ்வொரு துறையிலும் ஒட்டி நின்று புறப்படுகிறது. வழியெங்கும் கரையின் மேல் ஒற்றை வரிசையாக வீடுகள். முன்வாசலில் ஆறு, கொல்லைப்புறத்தில் வயல், நடுவில் வீடும் நாலைந்து தென்னையும் ஒற்றையடிப் பாதையும். வயலைச் சுற்றிய இந்த வெளிக்கரையைப் புறம்பண்டு என்கிறார்கள். புறம்பண்டில் யார் வீடு கட்டியிருக்கிறார்கள் என்பதிலேயே குட்டநாட்டின் சமூக வரலாறு பாதி இருக்கிறது என்பது பின்னால்தான் விளங்கியது.

தங்கிய வீட்டின் சுவரில், சன்னலின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே, பழுப்பு நிறத்தில் ஒரு கோடு ஓடுகிறது. ஆகஸ்ட் 2018 வெள்ளம் நின்ற அளவு அது. அதற்குப் பிறகு வெள்ளையடித்தும் கோடு மறையவில்லை என்றார் வீட்டுக்காரர். மூன்று ஏக்கர் சொந்த நிலமும் அதற்குமேல் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு எடுத்த நிலமும் வைத்துப் பயிர் செய்கிறவர்.

மார்ச் 4, செவ்வாய். கைனகரி

இன்று முழுவதும் ஒரே பாடசேகரத்தில் கழிந்தது. பாடசேகரம் என்பது ஒரே கரைக்குள் அடங்கிய வயல்களின் கூட்டம். சிறியது சில பத்து ஏக்கர் இருக்கும். பெரியது ஆயிரம் ஏக்கரைத் தாண்டும். உள்ளே எத்தனை பேருக்கு நிலம் இருந்தாலும் நீர் ஒன்றுதான் என்பதால், ஒருவர் மட்டும் முன்கூட்டி விதைக்கவோ ஒருவர் மட்டும் தாமதித்து அறுக்கவோ இயலாது. எல்லாரும் சேர்ந்த குழு ஒன்று தேதி குறிக்கிறது. நீர் இறைப்பது, வெளிக்கரை காப்பது, அறுவடை எந்திரம் பேசுவது எல்லாம் அந்தக் குழுவின் பொறுப்பு. கம்யூனிஸ்டுகள், காங்கிரஸ்காரர்கள், தேவாலயத்துக்காரர்கள், கோயில்காரர்கள் என எல்லாரும் சண்டை போட்டுக்கொண்டே ஒரே குழுவில் இருக்கிறார்கள். வேறு வழியில்லை.

தென்மேற்குப் பருவமழை முழுவதும் வயல் வேண்டுமென்றே நீருக்குள் விடப்படுகிறது. அந்த வெள்ளம் வண்டலைப் படியவைக்கும், மண்ணின் புளிப்பைக் கழுவும்; வெளிக்கரையின் இருபுறமும் நீர் சமமாக நிற்பதால் கரையும் உடையாது. மழை ஓய்ந்ததும் அக்டோபர் வாக்கில் இறைப்பு தொடங்கும். வயல் வற்றிச் சேறானதும் முளைகட்டிய விதையை நேராக விதைக்கிறார்கள். இந்தப் புஞ்சப் பருவம் பிப்ரவரி, மார்ச்சில் அறுவடையாகும். சில பாடசேகரங்களில் மட்டும் மே, ஜூனில் இரண்டாம் கிருஷி என்ற மழைக்காலப் பயிரும் உண்டு. அந்தப் பயிருக்கு உள்ளே நீர் இருக்கக் கூடாது, வெளியே வெள்ளம் வந்துகொண்டிருக்கும். கரை தாங்கினால் நெல், தாங்காவிட்டால் மடவீழ்ச்ச. கரை உடைந்து வெள்ளம் உள்ளே பாய்வதற்கு அவர்கள் சொல்லும் பெயர் அது. அந்தச் சொல்லைச் சொல்லும்போது இங்கே எவரும் குரலை உயர்த்துவதில்லை.

இறைக்கும் கருவியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 'பெட்டியும் பறையும்' என்று பெயர். மரத்தாலான உருளை ஒன்று செங்குத்தாக வயல்பக்கத்துக் குழியில் இறங்கியிருக்கிறது, அதுதான் பறை. அதன் உள்ளே சுழலும் இலைகள், மேலே மின்மோட்டார், இரண்டையும் இணைக்கும் நீண்ட பட்டை. பறைக்குள் ஏறும் நீர், கரையைக் குறுக்கே துளைத்துச் செல்லும் நீண்ட மரப்பெட்டி வழியாக ஆற்றில் விழுகிறது. பெட்டியின் ஆற்றுப்பக்க வாயில் ஒரு பலகைக் கதவு. இறைக்கும்போது நீரின் வேகத்தில் அது தானே திறந்துகொள்ளும். மோட்டார் நின்றதும் ஆற்றுநீரின் அழுத்தத்தில் தானே மூடிக்கொள்ளும். பலகை இடுக்குகளில் கயிறும் களிமண்ணும் அடைத்திருந்தார்கள், ஓர் ஓரத்தில் நண்டு ஒன்று குடியேறியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பொறி வருவதற்கு முன், பல இலைகள் கொண்ட மரச்சக்கரத்தை ஆட்கள் வரிசையாக அமர்ந்து இரவும் பகலும் காலால் மிதித்துத்தான் நீரை ஏற்றினார்கள். ஒரு பாடசேகரத்தை யார் இறைப்பது என்பது இன்றும் ஆலப்புழையிலுள்ள புஞ்ச சிறப்பு அலுவலகம் வழியாக ஏலம் விடப்படுகிறது. மின்சாரத்துக்கும் இறைப்புக்கும் அரசு மானியம் தருகிறது. பெட்டியும் பறையும் மின்சாரத்தை விழுங்குகிறது என்று பொறியாளர்கள் குறை சொல்லி வேறு பம்புகளைப் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் உள்ளூர்த் தச்சர் பழுது பார்க்கக்கூடிய பொறி எதுவோ அதைத்தான் நள்ளிரவில் கரை கசியும்போது நம்ப முடியும் என்பது விவசாயிகளின் கட்சி. எனக்கும் அவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாகப் பட்டது.

பிற்பகலில் தமிழ் காதில் விழுந்தது. கரையோரம் நின்ற இரண்டு அறுவடை எந்திரங்களும் சேலம் மாவட்டத்திலிருந்து வந்தவை. ஆண்டுதோறும் பிப்ரவரியில் தமிழ்நாட்டு எந்திரங்கள் நூற்றுக்கணக்கில் இங்கே இறங்குகின்றன; மணிக்கணக்கில் வாடகை. லாரியில் ஆற்றங்கரைவரை வந்து, அங்கிருந்து இரண்டு வள்ளங்களை இணைத்துப் பலகை அடித்த சங்காடத்தில் ஏற்றி, காயல் நடுவிலிருக்கும் வயலுக்குக் கொண்டுபோகிறார்கள். "நம்ம ஊர்ல கட்டாந்தரையில ஓட்டுறோம், இங்க மிதக்கிற தரையில ஓட்டணும்ணே. ஒரு எடத்துல நின்னு யோசிச்சா வண்டி இறங்கிடும்" என்றார் ஓட்டுநர். மழை ஒரு நாள் பெய்தாலும் நெல் சாயும், சேறு இளகும், ஒரு மணி நேர வேலை இரண்டு மணி நேரமாகும். அந்தக் கூடுதல் வாடகையும் விவசாயி தலையில்தான்.

அறுத்த நெல் கரையில் தார்ப்பாய்க்குக் கீழே குவிந்து கிடந்தது. கொள்முதல் செய்வது அரசின் சப்ளைகோ நிறுவனம். இந்த 2024–25 பருவத்தில் கிலோவுக்கு 28 ரூபாய் 20 காசு. அதில் 23 ரூபாய் மத்திய அரசின் ஆதரவு விலை, மீதி மாநில அரசின் பங்கு. நாட்டிலேயே உயர்ந்த கொள்முதல் விலைகளுள் இது ஒன்று. ஆயினும் நெல்லை நேரில் வந்து எடுப்பது சப்ளைகோவின் சார்பில் நியமிக்கப்பட்ட தனியார் ஆலைகளின் முகவர்கள். ஈரம் என்றும் பதர் என்றும் சொல்லி, குவிண்டாலுக்கு இத்தனை கிலோ கழிவு என்று பேரம் பேசுகிறார்கள். இதற்குக் கிழிவு என்று பெயர். மழை வருமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே பேரம் பேச வேண்டியிருப்பதால் இதில் தோற்பவர் எப்போதும் விவசாயியே. அதற்குப் பின் கையில் கிடைப்பது பணமன்று, ஒரு ரசீது. அந்த ரசீதை வங்கியில் கொடுத்தால் விவசாயியின் பெயரில் கடனாகத் தொகை வழங்கப்படும், அரசு பின்னர் வங்கிக்குச் செலுத்தும். விற்ற நெல்லுக்கு விற்றவரே கடனாளி ஆகும் இந்த ஏற்பாட்டை வீட்டுக்காரர் எனக்கு இருமுறை விளக்கினார், நான் நம்பாததுபோல் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மார்ச் 5, புதன். சித்திரை, ஆர் பிளாக்

வாடகைப் படகில் காயலுக்குள் போனோம். இங்குள்ள நிலங்களை மண்ணை வைத்து மூன்றாகப் பிரிக்கிறார்கள். ஆற்றோர வண்டல் நிலம் கரப்பாடம். கரிய நிறமும் கடும் புளிப்பும் கொண்ட சதுப்பு கரிநிலம். காயலின் அடித்தரையையே வளைத்து எடுத்தது காயல்நிலம். கரிநிலத்தைத் தோண்டினால் எந்தக் காலத்திலோ புதைந்த காடுகளின் கரிந்த மரத்துண்டுகள் இன்றும் கிடைக்கின்றன. அந்த மண் காய்ந்தால் அதிலுள்ள கந்தகம் அமிலமாக மாறும். அதனால்தான் சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பைக் கொட்டிக் கொட்டி அதைப் பயிருக்கு வசப்படுத்துகிறார்கள்.

காயல்நிலத்தின் கதை பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்குகிறது. திருவிதாங்கூர் அரசு 1903இல் காயல் வளைப்பைத் தடைசெய்து, பத்தாண்டு கழித்துத் தடையை நீக்கியது. பின்னர் பகுதி பகுதியாக அளந்து ஆங்கில எழுத்துகளால் பெயரிட்டுக் கொடுத்தது; ஆர் பிளாக், எச் பிளாக் என்ற பெயர்கள் அப்படி வந்தவை. இரண்டாம் உலகப் போரின்போது பர்மா அரிசி நின்றுபோய்த் திருவிதாங்கூர் பசியில் வாடிய காலத்தில், ஜோசப் முரிக்கன் என்ற நிலக்கிழார் காயலின் ஆழமான பகுதியில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஏக்கரை மூன்று துண்டுகளாக மீட்டெடுத்தார். சித்திரை, மார்த்தாண்டம், ராணி என்று அரச குடும்பத்தை நினைத்து அவற்றுக்குப் பெயர் சூட்டினார். சித்திரைக் காயலின் கரையில் அவர் கட்டிய சிறிய தேவாலயம் இன்றும் நிற்கிறது.

ஆனால் முரிக்கன் தம் கையால் மண் அள்ளவில்லை. தென்னந்தடிகளைக் காயலின் அடியில் இரு வரிசையாக அறைந்து, மூங்கில் தட்டி வைத்து, நடுவில் மணலும் மரக்கிளையும் போட்டு, அதன்மேல் அப்புவதற்குக் காயலின் அடியிலிருந்தே களிமண் கட்டிகளை மூச்சடக்கி மூழ்கி வெட்டி எடுத்தவர்கள் புலையர் முதலான தலித் தொழிலாளர்கள். அவர்களுக்கு அந்த வயலில் ஒரு சென்ட் நிலமும் இருந்ததில்லை. உடைந்த மடை அடைபடாதபோது ஒரு புலையனை உயிரோடு வைத்து அடைத்தார்கள் என்ற கதையை என் படகோட்டியும் சொன்னார். பல ஊர்களில் பல வடிவில் வழங்கும் கதை அது. வரலாற்றில் அதற்குச் சான்று தேடுவதைவிட, ஒரு சமூகம் தன் நினைவில் அதை ஏன் இத்தனை காலம் வைத்திருக்கிறது என்று கேட்பதே பொருத்தம். 1930களின் இறுதியில் குட்டநாட்டில் விவசாயத் தொழிலாளர் சங்கம் வேரூன்றியதையும், 1946 அக்டோபரில் அருகிலுள்ள புன்னப்பிராவிலும் வயலாரிலும் தொழிலாளர்கள் துப்பாக்கிச் சூட்டில் மடிந்ததையும் இந்தப் பின்னணி இல்லாமல் புரிந்துகொள்ள முடியாது.

1970 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தம் குத்தகைதாரரை உடைமையாளர் ஆக்கியது. தொழிலாளிக்குக் குடியிருப்பு மனை கிடைத்தது. அந்த மனை எங்கே இருந்தது என்றால், அவர் ஏற்கெனவே குடிசை போட்டிருந்த இடத்தில், அதாவது புறம்பண்டில். இருபுறமும் நீர் சூழ்ந்த அந்தக் கரையில் இன்றும் பெரும்பாலும் அவர்களின் பிள்ளைகளே வசிக்கிறார்கள். மடவீழ்ச்ச நேர்ந்தால் முதலில் நீர் புகுவது அவர்களின் சமையலறையில். முரிக்கனின் காயல்நிலங்களை 1970களின் தொடக்கத்தில் அரசு எடுத்துக்கொண்டு பகிர்ந்தளித்தது. கரை காக்கும் பணமோ ஒரே கையில் இறைப்பை நடத்தும் வலுவோ சிறு துண்டுகளைப் பெற்றவர்களுக்கு இல்லாததால் நெடுங்காலம் நிலம் நீருக்குள் கிடந்து, 2010களில்தான் அரசின் உதவியோடு மீண்டும் விதைப்பு தொடங்கியது. இன்று சித்திரையில் நெல் அறுவடைக்கு நிற்கிறது. ஆர் பிளாக்கின் நிலைமை வேறு. ஒரு காலத்தில் தென்னையும் வாழையும் செழித்த அந்தப் பரப்பில் இறைப்பு நின்றுபோய், தலையில்லாத தென்னை மரங்கள் நீருக்குள் வரிசையாக நிற்கின்றன. சுற்றுலாப் படகுகள் அங்கே நின்று படமெடுத்துக்கொள்கின்றன.

மார்ச் 6, வியாழன். தண்ணீர்முக்கம், முகம்மை

கோடையில் ஆறுகள் மெலியும்போது கொச்சி முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் காயலுக்குள் ஏறி வரும். அதை ஓருவெள்ளம் என்கிறார்கள். முன்பெல்லாம் விவசாயிகள் கால்வாய்தோறும் ஓருமுட்டு என்ற தற்காலிகத் தடுப்புகளை மூங்கிலும் மண்ணும் கொண்டு போட்டு நெல்லைக் காத்தார்கள். அரசு ஒரே அடியாகக் காயலின் குறுகலான இடத்தில் குறுக்கே அணை கட்டியது. அதுதான் தண்ணீர்முக்கம் தடுப்பணை. 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய வேலை 1970களின் நடுப்பகுதியில் முடிந்தது. ஒரு கிலோமீட்டருக்கும் கூடுதலான நீளம். சேர்த்தலையையும் வைக்கத்தையும் இணைக்கும் சாலை இப்போது அதன்மேல் ஓடுகிறது. டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை மதகுகளை மூடிவைப்பது விதி. இன்று மூடித்தான் இருந்தன.

பாலத்தின் மேல் நின்று இருபக்கமும் பார்த்தால் கதை கண்ணிலேயே தெரிகிறது. வடபுறம் நீர் திறந்து அலையடிக்கிறது. தென்புறம் வெங்காயத்தாமரை கரையிலிருந்து பல மீட்டர் தூரம் பச்சைக் கம்பளம் விரித்துக் கிடக்கிறது. ஒரு வள்ளக்காரர் துடுப்பை ஊன்றி அதைப் பிளந்துகொண்டு வந்தார். உப்புநீர் ஆண்டுக்கொரு முறை வந்து இந்தக் களையைக் கொன்றுகொண்டிருந்தது. இப்போது அது வருவதில்லை. வயலிலிருந்து இறைக்கப்படும் உரமும் பூச்சிமருந்தும், நகரங்களின் கழிவும், ஆயிரத்தை எட்டிய வீட்டுப்படகுகளின் கழிவும் மூன்று மாதம் வெளியேற வழியின்றித் தேங்குகின்றன.

முகம்மையில் காயல் மீனவர்கள் சிலரோடு பேசினேன். ஆற்றுக்கொஞ்சு என்ற பெரிய நன்னீர் இறால் முட்டையிட உவர்நீருக்கு இறங்க வேண்டும், அதன் குஞ்சுகள் திரும்ப மேலேற வேண்டும். இரண்டுக்கும் அணை குறுக்கே நிற்கிறது. கறுத்த கக்கை என்ற சிப்பிக்கும் இனப்பெருக்கத்துக்கு ஓரளவு உப்பு தேவை. மார்பளவு நீரிலும் அதற்கு மேலும் மூழ்கிக் கையால் சிப்பி வாரும் தொழிலாளர்கள், அணைக்குத் தெற்கே அள்ளுவதைவிட வடக்கே போவதே மேல் என்கிறார்கள். அந்தச் சிப்பியின் ஓட்டைச் சுட்ட சுண்ணாம்புதான் கரிநிலத்தின் புளிப்பைப் போக்கப் பயன்படுகிறது. அதாவது, நெல்லைக் காக்க மூடிய மதகு, நெல்லுக்குச் சுண்ணாம்பு தரும் சிப்பியைக் குறைக்கிறது. மீனவர்கள் விவசாயிகளைத் திட்டவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவர்களின் கோரிக்கை, எல்லாப் பாடசேகரங்களும் ஒரே காலத்தில் விதைத்தால் சொன்ன தேதியில் மதகைத் திறக்கலாம் என்பதே. ஒரு பகுதி தாமதமாக விதைத்துவிட்டு, பயிர் நிற்கிறதே என்று ஏப்ரல் வரை மூடிவைக்கச் சொல்வதுதான் ஆண்டுதோறும் நடக்கிறது.

மார்ச் 7, வெள்ளி. தோட்டப்பள்ளி, கருமாடி

அணை உப்பைத் தடுக்க. தோட்டப்பள்ளி வெள்ளத்தைக் கடலுக்கு விட. 1955இல் திறக்கப்பட்ட இந்த வடிகால் மதகில் 40 கதவுகள். தெற்கத்திய ஆறுகளின் வெள்ளத்தைக் காயல் வரை போகவிடாமல் இங்கேயே கடலில் தள்ளிவிடலாம் என்பது திட்டம். நொடிக்கு 64,000 கன அடி வெளியேற வேண்டும் என்று வடிவமைத்தார்கள். வெளியேறுவதோ அதில் மூன்றில் ஒரு பங்கு. மதகை நோக்கி வரும் கால்வாய் போதிய அகலமும் ஆழமும் இல்லாதது ஒரு காரணம். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்து நீரை வாங்க மறுப்பது இன்னொரு காரணம். முகத்துவாரத்தில் சேரும் மணல்மேட்டை ஆண்டுதோறும் எந்திரம் வைத்து வெட்டித் திறக்கிறார்கள். 2018க்குப் பிறகு அங்கிருந்த சவுக்கு மரங்களை அகற்றி முகத்தை அகலப்படுத்தினார்கள். அள்ளிய மணலில் கனிமம் இருப்பதால் அது லாரி லாரியாகப் போகிறது என்றும், வெள்ளத்தின் பெயரில் கடற்கரை சுரண்டப்படுகிறது என்றும் கரையோர மக்கள் போராடுகிறார்கள். மழைக்காலத்தில் இதே புறக்காட்டுக் கடற்கரையில் சாகர என்ற சேற்றுத்திட்டு உருவாகி அலையை அடக்குவதும், மற்ற இடங்களில் கடல் சீறும்போது இங்கே மட்டும் படகுகள் மீன் அள்ளுவதும் உண்டு. மார்ச்சில் அதைப் பார்க்க வழியில்லை.

திரும்பும் வழியில் கருமாடியில் இறங்கி, இடப்பக்கம் உடைந்த கருங்கல் புத்தரைப் பார்த்தேன். மக்கள் கருமாடிக்குட்டன் என்று அழைக்கிறார்கள். அவரைச் சுற்றியும் வயல்தான்.

மார்ச் 8, சனி. மங்கொம்பு, சங்ஙனாசேரி சாலை

ஆலப்புழை–சங்ஙனாசேரி சாலை 24 கிலோமீட்டர். குட்டநாட்டைக் குறுக்காக வெட்டிச் செல்கிறது. வரும்வரை படகே கதியாக இருந்த மக்களுக்கு அது விடுதலை, வெள்ளத்துக்கோ குறுக்குச்சுவர். கூடவே திட்டமிட்ட கால்வாய் பாதியிலேயே நின்றுபோனது. 2018இல் சாலை முழுகி, இந்தப் பகுதி மக்களைக் கிட்டத்தட்ட முழுமையாக வெளியேற்ற வேண்டியிருந்தது. டிப்பர் லாரிகளிலும் படகுகளிலும் ஏற்றி ஆலப்புழைக்கும் சங்ஙனாசேரிக்கும் கொண்டுபோனார்கள். இப்போது நீர் கடந்துபோக வழிவிட்டுப் பல இடங்களில் சாலையைத் தூண்கள் மேல் உயர்த்தியிருக்கிறார்கள்.

மங்கொம்பில் 1940 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. இன்று குட்டநாட்டு வயல்களில் நிறைந்திருக்கும் உமா என்ற சிவப்பரிசி ரகம் இங்கே உருவானதுதான். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனின் பூர்வீகமும் இதே மங்கொம்பு. அவருடைய ஆராய்ச்சி நிறுவனம் அளித்த அறிக்கையை அடிப்படையாக வைத்து, 2008இல் மத்திய அரசு 1,840 கோடி ரூபாயில் குட்டநாட்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. பயிர்க் காலண்டர் வேண்டும், தண்ணீர்முக்கத்தைச் சீரமைக்க வேண்டும், தோட்டப்பள்ளிக்குப் போகும் கால்வாயை அகலப்படுத்த வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. பணம் பெரும்பாலும் கரைக்குக் கல்கட்டுவதில் போயிற்று என்பதே நான் கேட்ட குற்றச்சாட்டு. 2013இல் ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் குட்டநாட்டுக் கடல்மட்டத்துக்குக் கீழான வேளாண்மையை உலக வேளாண் மரபாக அறிவித்தது. வெள்ளத்துக்கு மறுஆண்டு முதலமைச்சர் பினராயி விஜயன் நெதர்லாந்து சென்று, ஆற்றுக்கு இடம் விடும் அந்நாட்டு முறையைப் பார்த்து வந்தார். அறிவுரைக்கு இங்கே என்றுமே பஞ்சமில்லை.

பஞ்சம் குடிநீருக்குத்தான். எங்கும் நீர் நிறைந்த கைனகரியில் குடங்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்தேன். வள்ளத்தில் தொட்டி வைத்துக் குடிநீர் விற்கிறார்கள். திருமணத்துக்குப் பெண் தர யோசிக்கிறார்கள், வங்கி வீட்டுக்கடன் தரத் தயங்குகிறது, வசதியுள்ளவர்கள் சங்ஙனாசேரிப் பக்கம் மேட்டில் மனை வாங்குகிறார்கள் என்று படகில் ஒருவர் அடுக்கினார். வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் பிள்ளைகள் வேலை செய்யும் பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்க, அவர்களின் வயல் பாட்டத்துக்குப் போகிறது. சட்டப்படி பாட்டம் இல்லை என்பதால் பாட்டக்காரரின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு. கைனகரி

காலைப் பூசை முடிந்த கையோடு பாடசேகரக் குழுவின் கூட்டம், பம்ப் கொட்டகையின் நிழலில். அறுவடை முடியும் முன்பே இரண்டாம் கிருஷி உண்டா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும். நிலம் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள்: புஞ்ச நெல்லுக்கே பணம் எப்போது வரும் என்று தெரியாதபோது, மழையில் கரை உடைந்தால் எல்லாம் போகும் பயிருக்கு யார் முதல் போடுவது? கணக்கு சரியானது. கேரளத்தில் நெல் பயிராகும் பரப்பு 1970களில் எட்டு லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்து இன்று இரண்டு லட்சத்தை ஒட்டிக் குறைந்ததும் இப்படிப்பட்ட சரியான கணக்குகளால்தான்.

அப்போது புறம்பண்டு வீடுகளிலிருந்து வந்த பெண்கள் பேசினார்கள். அவர்களில் எவருக்கும் வயல் கிடையாது. பயிர் இல்லையென்றால் இறைப்பு இல்லை. இறைப்பு இல்லையென்றால் ஜூன் முதல் அக்டோபர் வரை முற்றத்தில் நீர், கழிப்பறையில் நீர், பிள்ளைகள் பள்ளிக்குப் போவது முழங்கால் நீரில். இதே பஞ்சாயத்தில் கனகாசேரிப் பாடசேகரத்தின் கரை 2018க்குப் பின் திரும்பத் திரும்ப உடைந்து, வீடுகள் மாதக்கணக்கில் நீரில் நின்றதை எல்லாரும் அறிவார்கள். "சாரே, எங்களுக்கு நெல் வேண்டாம், மோட்டார் ஓடினால் போதும்" என்று ஒருவர் என்னைப் பார்த்தே சொன்னார், நான் ஏதோ அதிகாரி என்று எண்ணி. குட்டநாட்டு நெல்லை விலையையும் விளைச்சலையும் மட்டும் வைத்து நட்டம் என்று எழுதுகிறவர்கள் காணத் தவறுவது இதைத்தான். இங்கே பயிர் என்பது வடிகால் வேலையும்கூட. அந்த மானியத்தில் நனையாமல் நிற்பது வயலைவிட அதிகமாக, வயல் இல்லாதவர்களின் வீடு.

விதைப்பு இல்லாமல் வெறும் இறைப்புக்கு மானியம் கேட்டால் அலுவலகத்தில் ஏற்க மாட்டார்கள் என்றார் செயலாளர். வீட்டுக்கு இத்தனை என்று வசூலித்து இறைக்கலாம் என்று ஒருவர் சொல்ல, நிலக்காரர் விட்டுப்போன சுமையைத் தொழிலாளி தூக்குவதா என்று பெண்கள் எதிர்த்தார்கள். பாட்டக்காரரான என் வீட்டுக்காரர், கரையோரத்து நாற்பது ஏக்கரிலாவது விதைத்தால் இறைப்புக்கு வழி பிறக்கும், விதை நெல்லை அரசு தந்தால் தாம் தயார் என்றார். நெல் பணம் கணக்கில் ஏறிய பிறகு பேசிக்கொள்ளலாம் என்று கூட்டம் கலைந்தது. ஏப்ரல் இறுதிக்குள் முடிவு சொல்லாவிட்டால் இறைப்பு ஏலத்தில் இந்தப் பாடசேகரத்தின் பெயர் இருக்காது என்று செயலாளர் குறிப்பேட்டை மூடும்போது நினைவூட்டினார்.